கண்டி முடியும் ஓர் உடன்படிக்கையும்

யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வசமாயிற்று. கண்டி அரசோ அதன் பின்னரும் 196 ஆண்டுகள் நிலைத்து நின்றது. மலைநாட்டு மன்னர் வரலாறு சண்டிலிப்பாயிலுள்ளார்க்கு எதற்கு எனச் சிலர் வினவலாம். அவ்வரசு முடிவெய்தியபோது எழுதப்பட்ட உடன்படிக்கை நம்மினத்தாரையும் சுட்டுகின்றது. ஆதலின் அதனை நாம் அறிதல் வேண்டும்.

1739 முதல் கண்டியை ஆண்டோர், மணவுறவால் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் மரபினர். அவர்கள் புத்த சமயத்தைப் போற்றிப் பேணினர். கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதா என்னும் துறவுநிலைச் சடங்கு மீண்டும் நிலைநாட்டப்பட்டது. 1798இல் கண்ணுச்சாமி என்பான் சிறீ விக்கிரம இராசசிங்கன் எனப் பெயர்பெற்று முடிசூடினான்.

1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகளைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1803இல் கண்டிமேற் படையெடுத்தனர். கொழும்பிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் சென்ற படைகள் கண்டது வெறும் நகரையே. அரசன் மலைகளுட் புகுந்துவிட்டான். காய்ச்சல் படையை மெலிவித்தது. ஆங்கிலேயர் அரியணையேற்றிய முத்துச்சாமி ஜூன் மாதத்திற் கொல்லப்பட்டான். சரணடைந்த மேசர் டேவியின் படையும் அழிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அதே நகர் பெரும்போரின்றி வீழ்ந்தது. காரணம் யாது? அரசனும் பிரதானிகளும் பகைவராயினமையே. 1814இல் கலகஞ்செய்த எகலப்பொல ஆங்கிலேயரிடம் புகலடைந்தான். அவன் மனைவி மக்களை அரசன் கொல்வித்தான். அக்கொடுமையை மறைத்தல் நேர்மையன்று. பிரித்தானியரின் அலுவலர் டொயிலி இப்பிளவை நன்கு பயன்படுத்தினார். 1815 பெப்ரவரி 18ஆம் நாள் அரசன் பிடிபட்டான்.

மார்ச்சு 2ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அது அரசனின் கொடுமைக்காக அவன் ஆட்சியை நீக்கியதோடு அமையவில்லை. ‘மலபார்’ இனத்தார்க்கு இனி அம்முடியில் உரிமையில்லை என்றும் விதித்தது. அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறிக்க வழங்கிய சொல் அதுவாகும். ஒருவன் செய்த குற்றத்திற்கு ஓரினமே அயலாக்கப்பட்டது.

இவ்விதியை மலைநாட்டு மக்கள் மனமார ஏற்றனரா? 1817இல் ஆங்கிலேயருக்கெதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதற்கு அரசனாக முன்வந்த வில்பாவ என்பவன், தன்னைத் துரைச்சாமி என்னும் நாயக்க உறவினன் என்றே கூறிக்கொண்டான். உடன்படிக்கை அயல் என விலக்கிய மரபின் பெயரைக் கொண்டே அவன் மக்களின் ஆதரவை நாடினான். கெப்பெற்றிபொல முதலிய சிங்களத் தலைவர்களும் கிளர்ச்சியிற் சேர்ந்தனர். 1818 நவம்பர் 26ஆம் நாள் கெப்பெற்றிபொல சிரச்சேதஞ் செய்யப்பட்டான். வேலூரிற் சிறையிருந்த அரசன் 1832இல் இறந்தான்.

நேயர்களே! 1803இல் ஆங்கிலேயரின் பீரங்கியால் இயலாததை 1815இல் நம் நாட்டாரின் பிளவு முடித்துக்கொடுத்தது. அப்பிளவுக்கு இனப்பெயர் சூட்டி எழுத்திற் பொறித்தவர் வென்றவரே. மாணாக்கர் அவ்வுடன்படிக்கையைப் படிக்கும்போது, அடுத்த மூன்றாண்டுகளில் நிகழ்ந்தவற்றையும் சேர்த்துப் படிப்பாராக.