சோற்றில் விழுந்த ஐயம்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரிலே முஸ்லிம் உணவகமொன்றில் உண்ணவந்த சிங்களர் ஒருவர் இறைச்சிக் கறியிலே சிறு கட்டியொன்றைக் கண்டார். மலடாக்கும் குளிசை அது என்றார். கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் நன்கறியாத காசாளர், கேள்வி விளங்காமலோ அச்சத்தினாலோ, “ஓம், போட்டோம்” என்னும் பொருள்படத் தடுமாறினார். அச்சொல் கைத்தொலைபேசியிலே படமாகி நாடெங்கும் பரந்தது. உணவகம் நொறுக்கப்பட்டது; பள்ளிவாசலும் தாக்கப்பட்டது.

பின்னரே அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அக்கட்டி வெறும் மாப்பொருள் என அறிவித்தது. உண்டவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை எதனையும் மருத்துவம் அறியாது. ஆனால், 23,000 மலட்டுக் குளிசைகள் அகப்பட்டனவென்ற பொய் முன்பே முகநூலில் உலவி நிலத்தைப் பண்படுத்தியிருந்தது. மறு ஆண்டு மே மாதம், ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை மலடாக்கினாரென்று குருநாகல் வைத்தியர் ஒருவர்மீது பழி விழுந்தது. அவர் கைதானார், புலனாய்வாளர் ஆதாரம் காணவில்லை.

1956இன் மொழிச் சட்டத்துக்குப் பின் அயலவன் மொழியறியாது வளர்ந்த தலைமுறைகளின் கதையும் அந்தக் காசாளரின் தடுமாற்றத்தில் அடங்கியுள்ளதன்றோ?

இத்தகைய கதை நம் நாட்டுக்கே உரியதன்று. ஐரோப்பாவிலே கொள்ளைநோய் பரவியபோது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனர் என்றனர். 1349 பெப்ரவரி 14இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர் எரிக்கப்பட்டனர். அந்நகருக்கு நோய் அப்போது வந்து சேரவுமில்லை. யூதரிடம் பட்டிருந்த கடன்கள் மட்டும் நீங்கின! வதந்தியினால் இலாபமடைபவர் யார் என்ற வினாவை வரலாற்று மாணவர் எப்போதும் எழுப்புதல் வேண்டும்.

அமெரிக்காவில் ஒக்டோபர் 31இல், ஹலோவீன் திருநாளன்று, சிறுவர் வேடமணிந்து வீடுவீடாக இனிப்புக் கேட்பர். முன்பின் அறியாதார் அவ்வினிப்பில் நஞ்சும் சவர அலகும் வைப்பதாகப் பெற்றோர் அஞ்சினர். சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் 1958 தொடக்கம் வெளிவந்த செய்திகளைத் துருவினார். அவ்வாறு அந்நியன் கொடுத்த இனிப்பினால் இறந்த குழந்தை ஒன்றையேனும் அவர் காணவில்லை. 1974இல் தெக்சாசில் எட்டு வயதுச் சிறுவனொருவன் சயனைட்டு கலந்த இனிப்பினால் இறந்தது உண்மை. கொடுத்தவன் அந்நியனல்லன், காப்புறுதிப் பணத்தை நாடிய தந்தை.

கண்டி வீதியோரம் கனகராயன்குளத்திலிருந்து நோக்கும் நமக்கு அம்பாறை தூரத்து ஊர்தான். எனினும் சிங்களப் பேரினவாதத்தின் நோய் இதுவென்று கைகழுவிவிட இயலாது. உண்கலத்தைச் சுற்றி வேலியிடும் கலையில் தமிழரும் தேர்ந்தவரே. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் ஊற்றிய காலம் நம் மூத்தோர் நினைவில் இன்னும் உண்டு. அம்பாறையில் கொடுத்தவன் கையில் நஞ்சு கண்டனர். இங்கே குடித்தவன் உதட்டில் தீட்டுக் கண்டனர். இரண்டையும் சோதித்தறிய எவரும் காத்திருக்கவில்லை. 1957இலேயே இவ்வழக்கம் சட்டப்படி குற்றமாயிற்று. அச்சட்டம் கடை வாசலைத் தாண்டவோ, தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் 1960களின் பிற்பகுதியில் அடியும் உதையும் பட்டு உள்ளே நுழைந்து அமர வேண்டியிருந்தது.