வாயில்லா ஜீவனுக்காக யார் முடிவெடுக்கிறது? (த்ரெட்)

1/ வயசான பூனை. கிட்னி போச்சு. சாப்பாடு இறங்கல. வைத்தியத்தைத் தொடர்றதா, நிம்மதியா போக விடுறதா? பிளவக்கல், வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர்னு நம்ம பக்கமும் இந்தக் கேள்வி இப்போ வீடுகளுக்குள்ள வந்துடுச்சு. நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குறவன்தான். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி தொண்ணூறு வருஷத்துக்கு மேலான வரலாறு இருக்கு. பொறுமையா படிங்க.

2/ நம்ம தாத்தா பாட்டி இந்தக் கேள்வியில மாட்டல. அணைக்குக் கீழ நெல் விளைஞ்சது. நெல் இருந்தா எலி, எலி இருந்தா பூனை. முடியாமப் போன பூனை வைக்கோல் போர்ப் பக்கம் ஒதுங்கிடும். "பூனை எங்கயோ போயிடுச்சு"ன்னு ஒரு வார்த்தையோட முடிஞ்சிடும்.

3/ கால்நடை மருத்துவமும் பூனைக்காகப் பிறந்தது இல்ல. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரத்துல தொடங்குச்சு. காரணம், மாடுகளைக் கொத்துக்கொத்தா கொன்ன கொள்ளைநோய். நம்ம சென்னைக் கல்லூரி 1903-ல் வந்தது. பூனை மருத்துவம் ரொம்ப லேட். இறைச்சியில இருக்கற டாரின் சத்து குறைஞ்சா பூனையோட இதயம் வீங்கிப் பலவீனமாகும்னு 1987-ல்தான் கண்டுபிடிச்சாங்க.

4/ இப்போ பூனை வீட்டுக்குள்ளயே பதினஞ்சு வயசைத் தாண்டுது. வயசான பூனைக்கு அதிகமா வர்றது நாள்பட்ட சிறுநீரக நோய். நிறைய தண்ணி குடிக்கும், நிறைய சிறுநீர் போகும், எடை குறையும். ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினின் ஏறும்போது சுமார் 75% சிறுநீரகத் திறன் போயிருக்கும். அதனாலதான் திடீர்னு வந்த மாதிரி தெரியுது. முழுசா குணமாகாது. ஆனா உணவு, மருந்து, தோலுக்கடியில ஏத்துற திரவம்னு பல மாசம், சில சமயம் வருஷக்கணக்குல நல்லா வெச்சுக்கலாம்.

5/ அப்போ எதுவரைக்கும்? இந்தக் கேள்வியை நம்ம நாட்டுல பொதுவெளியில வெச்சவர் யாரு தெரியுமா? காந்தி. 1928, சபர்மதி ஆசிரமம். ஒரு கன்னுக்குட்டி தீராத நோயில விழுந்துடுச்சு. புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. கால்நடை மருத்துவர் கையை விரிச்சுட்டார்.

6/ காந்தி தனியா முடிவெடுக்கல. ஆசிரமத்துல இருந்தவங்களோட கலந்து பேசினார். கடுமையா எதிர்த்தவங்களும் உண்டு. எல்லாத்தையும் கேட்டார். கடைசியில மருத்துவரை வரவழைச்சு, ஊசி போட்டு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள கன்னு அடங்கிடுச்சு. அதை மறைக்கவும் இல்ல. தன் பத்திரிகைகள்ல அவரே எழுதினார்.

7/ யோசிச்சுப் பாருங்க. அகிம்சையைப் போதிச்சவர் ஒரு பசுங்கன்னைக் கொல்லச் சொல்லியிருக்கார்! கோபக் கடிதங்கள் குவிஞ்சது. அவர் பின்வாங்கல. அறுவை சிகிச்சை செய்ற மருத்துவர் கத்தி எடுக்கறது இம்சை ஆகுமான்னு கேட்டார். கூடவே நாலு நிபந்தனையும் வெச்சார்: நோய் தீராததா இருக்கணும். சுத்தி இருக்கற எல்லாரும் நம்பிக்கை இழந்திருக்கணும். எந்தச் சேவையாலும் உதவ முடியாத நிலையா இருக்கணும். நோயாளியால தன் விருப்பத்தைச் சொல்ல முடியாம இருக்கணும்.

8/ அடுத்தது மதுரையில பிறந்த ஒரு பெண்மணி, ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியம்னா எல்லாருக்கும் தெரியும். மாநிலங்களவை உறுப்பினரா, 1953-ல் மிருகவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டு வந்தவரும் அவர்தான். அரசே சட்டம் கொண்டு வரும்னு நேரு உறுதி சொன்னதும் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் வந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் வந்தது, அவரே தலைவர்.

9/ அந்தச் சட்டத்தோட 13-வது பிரிவுல ஒரு வாசகத்தைக் கவனிங்க. இந்த விலங்கை உயிரோட வெச்சிருக்கறதே கொடுமையா? உயிரை எடுக்கறது மட்டும் கொடுமை இல்ல, சில சமயம் இழுத்துப் பிடிக்கறதும் கொடுமைதான்னு சட்டம் ஒத்துக்குது. அதே சட்டத்தின் 11-வது பிரிவு, தேவையில்லாம வலிக்க வெச்சுக் கொல்றதைக் குற்றம்னு சொல்லுது.

10/ 2018-க்கு வாங்க. மார்ச் 9: மனுஷங்க "எனக்கு இப்படிப்பட்ட நிலை வந்தா உயிர்காக்கும் கருவி வேண்டாம்"னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு. அடுத்த மாசம், சேலம் சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி படுத்த படுக்கையாகிப் புண்ணோட தவிச்சப்போ வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. கால்நடை மருத்துவர் பரிசோதிச்சு, உயிரோட வெச்சிருக்கறது கொடுமைன்னு சொன்னா கருணைக்கொலை செய்யலாம்னு நீதிமன்றம் அனுமதிச்சது.

11/ அதுக்கு அவசியம் வரல. ஏப்ரல் 21-ல் ராஜேஸ்வரி தானாவே இறந்துடுச்சு. எனக்கு இதுல மனசைப் பிசையற விஷயம் ஒண்ணுதான். கேள்வி சரி. பதிலும் சரி. ஆனா கேள்வி கேட்ட நேரம், அது அனுபவிக்க வேண்டிய வலியை எல்லாம் அனுபவிச்ச பிறகு.

12/ மனுஷன் எழுதி வைக்கலாம். பூனையால முடியாது. வலிச்சா கத்தவும் செய்யாது. குறுகி உக்காரும், நக்கிச் சுத்தம் பண்றதை நிறுத்தும், கட்டிலுக்கு அடியில ஒளியும், வழக்கமா ஏறுற ஜன்னல்ல ஏறாது. அதான் அதோட பேச்சு. படிக்க வேண்டியது நாம.

13/ இதை அளக்க ஒரு வழி இருக்கு. ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 2004-ல் கொடுத்தது. ஏழு விஷயம்: வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா. ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க். மொத்தம் 35-க்கு மேல இருந்தா தொடரலாம். வாரம் ஒரு தடவை, வீட்ல எல்லாரும் தனித்தனியா மார்க் போட்டு ஒப்பிட்டுப் பாருங்க.

14/ பணம். இதை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டாங்க. கூலி வேலை செய்ற வீட்ல ஒரு வார ட்ரிப்ஸ் செலவு சின்ன விஷயம் இல்ல. முடியலன்னா முடியலன்னு மருத்துவர்கிட்ட நேரா சொல்லுங்க, அதுல கேவலம் ஒண்ணும் இல்ல. வலியையும் வாந்தியையும் மட்டும் கட்டுப்படுத்துற நடுவழி வைத்தியம் இருக்கு. ஆனா நம்ம செலவையும் களைப்பையும் "அது கஷ்டப்படுது"ன்னு பூனை மேல ஏத்த வேண்டாம். அதே மாதிரி "என்னால பிரிய முடியல"ங்கறதை "அது இன்னும் போராடுது"ன்னும் மாத்த வேண்டாம்.

15/ கடைசியா மூணு விஷயம்.
ஒண்ணு: பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீங்க. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்னுடும்.
ரெண்டு: கருணைக்கொலை கால்நடை மருத்துவர் கையால மட்டும்தான். முதல்ல மயக்கம், அப்புறம்தான் மத்தது.
மூணு: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு கால்நடை மருத்துவமனையில முதல்ல காட்டுங்க. பெரிய பரிசோதனை வேணும்னா திருநெல்வேலி இராமையன்பட்டியில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

16/ வீட்ல பத்து வயசு தாண்டின பூனை இருந்தா, அது நல்லா இருக்கும்போதே இந்தப் பேச்சை எடுங்க. எதுவரைக்கும் வைத்தியம், எந்த அறிகுறி வந்தா நிறுத்தணும்னு ஒரு தாள்ல எழுதி வைங்க. அதால எழுத முடியாத உயிலை அதுக்காக நீங்க எழுதறீங்க, அவ்வளவுதான்.