பத்தியமும் காப்பியும்

புதுச்சேரித் துறைக்குக் காப்பிக்கொட்டை வந்த காலம் வேறு. புதுச்சேரித் தமிழர் அடுக்களைக்குள் காப்பி நுழைந்த காலம் வேறு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஏமன் நாட்டு மோக்காவில் பண்டகசாலை அமைத்துக்கொண்ட பிரெஞ்சு வர்த்தகர், 1715இல் அங்கிருந்து காப்பிச் செடிகளைத் தம் ஆட்சியிலிருந்த பூர்போன் தீவிற்கு எடுத்துச் சென்று பயிரிட்டதோடு, 1737இல் அதே மோக்காவின் மீது பீரங்கிப் பிரயோகம் செய்யும் அளவுக்கு அவ்வாணிபத்தில் பிடிவாதம் காட்டினர். அத்தனைக்கும் பிறகும், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வீதிகளில் ஜனங்கள் விடியற்காலையில் அருந்தியது, முந்தின இரவுச் சோற்றில் ஊற்றிவைத்த நீராகாரத்தையே. காப்பி நித்திய வழக்கமாகத் தமிழ் இல்லங்களில் குடியேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும்தான். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று பெயரிட்டது முற்றிலும் பொருத்தம்.

அந்தக் காலத்தில் பத்தியம் இருந்தது. சித்த வைத்தியர் பஸ்பமோ செந்தூரமோ கொடுத்தால், மருந்தைச் சொன்ன கையோடு விலக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுவார்: புளி, கடுகு, நல்லெண்ணெய், மீன், புகையிலை, கள், மருந்தை முறிக்கும் அகத்தியும் பாகலும். கடும்பத்தியமானால் உப்பும் போய்விடும். அது சற்று இளகிய பிறகு, கல்லுப்பை மண்சட்டியில் இட்டுப் படபடவென்று வெடிக்கும் ஓசை அடங்கும்வரை வறுத்து, புளியைத் தணலில் சுட்டு, அவ்விரண்டையும் விரல் நுனியளவு சேர்த்து மிளகு ரசம் வைப்பார்கள். குழைந்த சோற்றோடு அவரைப் பிஞ்சும் தூதுவளையும் இலையில் விழும். முதல் சில நாட்களில் நோயாளி நாக்குச் செத்துப் போயிற்றென்று புலம்புவதையும், காரணமின்றிச் சினப்பதையும், சோர்ந்து படுப்பதையும் வீட்டார் எதிர்பார்த்தே இருந்தனர். கடற்கரை ஊராகிய புதுவையில் மீன் வறுக்கும் வாசனையே ஒரு சோதனையாகுமாதலால், அந்நாட்களில் வீடு முழுவதும் மீனை ஒதுக்கி வைத்த குடும்பங்களும் உண்டு. ஒருவருடைய பத்தியத்தில் ஒரு குடும்பமே பங்குகொண்ட அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

காப்பி பழக்கமானபின், மற்ற விலக்குகளோடு அதையும் விட வேண்டியிருந்ததால், பத்தியத்தின் முதல் வாரம் முன்னிலும் கடினமாயிற்று. நேரு வீதியிலுள்ள இந்தியன் காப்பி ஹவுஸில் நாள்தோறும் காலையும் மாலையும் அமர்ந்து பழகியவர் திடீரென்று அதை விட்டால், பன்னிரண்டு மணி முதல் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் நெற்றி கனக்கத் தொடங்கும். ஓரிரு நாட்களில் வலி உச்சத்தை அடையும். சிலருக்கு ஒன்பது நாள் வரையிலும் நீடிக்கும். 1819இல் ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரூங்கே பிரித்தெடுத்த காஃபீன் என்னும் வஸ்து, மூளையில் உறக்கத்தைத் தூண்டும் அடினோசினுக்குரிய இடங்களை மறித்துக்கொண்டு நிற்பது. அது விலகியதும் அடினோசினின் ஆதிக்கம் ஓங்கி, மூளையின் ரத்தக் குழாய்கள் விரிந்து, தலைவலியும் மந்தமும் உண்டாகின்றன. இதை அறியாதவர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லையென்று எண்ணி, இரண்டாம் நாளே பத்தியத்தை முறித்துவிடுகிறார். முன்கூட்டியே டிகாக்ஷனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த வேளைக்குச் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் இட்ட கஷாயத்தைப் பழக்கிக்கொண்டவருக்கு இத்துன்பம் பெரிதும் தணியும்.

இப்படிப் படிப்படியாகச் செல்ல வேண்டாதவரும் உண்டு. 1910இல் புதுவைக்கு வந்த ஸ்ரீ அரவிந்தர், கலவை சங்கரன் செட்டியார் இல்லத்தில் தங்கியிருந்தபோது 23 நாள் உபவாசம் இருந்தார். அந்நாட்களிலும் வழக்கம்போல் நெடுநேரம் நடந்ததாகவும், பலம் குன்றாவிடினும் தசை குறையத் தொடங்கியதாகவும், இறுதியில் படிப்படியாக அன்றி வழக்கமான அளவிலேயே உணவை மேற்கொண்டதாகவும் அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். யோகிக்கு இயன்ற அதனைச் சம்சாரிக்கு விதியாக்க எந்த வைத்தியரும் துணியமாட்டார்.

சம்சாரிக்கென்றே ஏற்பட்டது மறுபத்தியம். மருந்து நின்றபின்னும் விலக்கு உடனே நீங்காது. சில நாள் சென்று, தலைமுழுகி, விட்டவற்றைச் சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொள்வார்கள். 1920களில் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் ரோ, ஒவ்வாமையைக் கண்டறியச் சில உணவுகளை அறவே நீக்கிப் பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் முறையை வகுத்தார். நம் வைத்தியர் நாடியது மருந்தின் பலம், ரோ நாடியது நோயின் காரணம்; எனினும் விடுவதற்கும் மீள்வதற்கும் தனித்தனிக் காலம் வேண்டுமென்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. இன்று ரோவின் முறைப்படி கோதுமையையும் பாலையும் காப்பியையும் ஒரே நாளில் விடுபவர், வீட்டில் மற்றவர் அனைத்தையும் உண்ண, தாம் மட்டும் தனித்தட்டில் தனியே போராடுகிறார். அவருக்கு எழுதித் தரும் உணவுச் சீட்டில், இரண்டாம் நாள் தலை வலிக்கலாம், அது பெரும்பாலும் சில நாளில் தணியும், தணியாவிடில் உடனே வந்து சொல்லவும் என்ற வரிகளையும் சேர்த்து, அதனை அவர் வீட்டாரையும் அழைத்துப் படித்துக்காட்ட வேண்டுமென்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.