சராசரிக்குள் காணாமல் போகும் காது: பாக்ஸ் பிளாட் வந்த கதை

1/
உங்க வீட்ல யாராவது நெய்வேலி சுரங்க வேலைக்குப் போறாங்கன்னா, காது பரிசோதனை உங்களுக்குப் புதுசா இருக்காது. 1952-ல் சுரங்கச் சட்டம் வந்தது. வேலையில் சேரும்போதும், பிறகு சில ஆண்டுகளுக்கு ஒருமுறையும் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்று அதன் கீழ் வந்த விதிகள் கட்டாயமாக்கின. மண்ணை வெட்டும் ராட்சத எந்திரம், கன்வேயர் பெல்ட், டர்பைன் எல்லாமே இரைச்சல்தான். காதைப் பார்க்காமல் விட முடியாது.

2/
ஒரு கற்பனைக் கணக்கு. ஒரே ஷிஃப்ட்டில் 11 பேர். ஒவ்வொருவர் காதுக்கும் கேட்கும் மிகக் குறைந்த சத்தம், டெசிபலில்:

10, 15, 15, 20, 20, 20, 25, 25, 25, 35, 75

எண் கூடக் கூட காது மந்தம். 25 வரை சாதாரணம் என்பது நாங்கள் பல காலம் வைத்திருந்த எல்லை. இதன் சராசரி ஏறக்குறைய 26. "எல்லாருக்கும் லேசா குறை இருக்கு, பரவாயில்ல"ன்னு ஃபைலை மூடிடலாம்.

வரிசையை இன்னொரு தடவை பாருங்க. 9 பேருக்குக் காது நல்லாவே இருக்கு. ஒருத்தருக்கு லேசான குறை. கடைசி ஆளுக்கு, பக்கத்துல நின்னு கத்தினாதான் கேட்கும். சராசரி சொன்ன அந்த "எல்லாருக்கும் லேசா" என்பது இந்த 11 பேரில் யாருடைய கதையும் இல்லை.

3/
இந்தச் சிக்கல் பழசு. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் கால்டன் (மருத்துவம் படிக்கத் தொடங்கி பாதியில் விட்டவர்) ஆட்களை வரிசையாக நிறுத்தி நடு ஆளைப் பார், கால் பங்கில் நிற்பவரைப் பார் என்றார். இடைநிலை, கால்மானம் என்று பள்ளியில் படிச்சோமே, அதைப் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர்.

அதைப் படமாக்கியது மேரி எலினார் ஸ்பியர் என்ற அமெரிக்கப் பெண்மணி. நம்ம சுரங்கச் சட்டம் வந்த அதே 1952-ல் வெளியான அவர் புத்தகத்தில், ஒரு கோடு, நடுப் பாதிக்கு ஒரு பட்டை, இடைநிலைக்கு ஒரு குறி. பெயர் என்னவோ அவருக்குப் பிறகு வந்த ஜான் டூக்கிக்குத்தான் போனது! டூக்கி முதலில் வேதியியல் படித்தவர். கணினியின் 'பிட்' என்ற சொல்லும் அவர் கொடுத்ததுதான். 1977-ல் வந்த புத்தகத்தில் பெட்டிக்கு இரண்டு பக்கமும் மீசை வைத்தார். பேப்பர், பென்சில் போதும் என்பது அவர் கட்சி.

4/
நம்ம 11 பேருக்குப் போடுவோம். நடு ஆள் 20. அவருக்குக் கீழே உள்ள ஐந்து பேரின் நடு 15, மேலே உள்ள ஐந்து பேரின் நடு 25. பெட்டி 15-லிருந்து 25 வரை, நீளம் 10. அதன் ஒன்றரை மடங்கு 15. பெட்டியின் மேல் விளிம்பிலிருந்து 15 தள்ளினால் 40. அதற்குள் இருக்கும் கடைசி ஆள் 35, மேல் மீசை அங்கே முடியும். கீழ் மீசை 10-ல். 75 தனிப் புள்ளி.

5/
பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று. மேல் மீசை நீளமா இருக்கே, அங்கே ஆள் நிறைய போலன்னு தோணும். இல்லை. கீழ் மீசை, பெட்டியின் இரண்டு பாதி, மேல் மீசை என நான்கிலும் ஏறக்குறைய கால் பங்கு ஆட்கள்தான் (தனிப் புள்ளிகளை அந்தந்தப் பக்க மீசையோடு சேர்த்துக்கணும்). பஸ்ஸில் நாலு பேர் ஒரே சீட்டில் நெருக்கி உட்காரலாம், நாலு சீட்டில் ஆளுக்கொன்றாகவும் உட்காரலாம். தலை எண்ணிக்கை நாலுதான்.

6/
இந்தியாவிலும் ஒருவர் இதே திசையில் யோசித்தார். பி.சி. மகலனோபிஸ். நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கியபோது நடப்புக்கு வந்த இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் மூளை அவர்தான். நாட்டுக்கு ஒரே சராசரிச் செலவு சொன்னால் ஏழை வீடு காணாமல் போகும் என்பதால், வீடுகளைச் செலவு வாரியாக வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் முறையை 1960-ல் வெளியிட்டார். பாக்ஸ் பிளாட் இல்லை, ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். நம்ம பாடப்புத்தகங்கள் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுக்கலாம்.

7/
இப்போ அந்த 75. "அவுட்லையர்" என்றதும் அழிக்கக் கை போகும். 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அழுக்கு என்று அதைத் தள்ளியிருந்தால் டவுன்ஷிப் ஏது, சொல்லுங்க? ஒன்றரை மடங்கு என்பது டூக்கி வைத்த வேலி, அவ்வளவுதான். வேலிக்கு வெளியே நிற்பது நோயா, எந்திரக் கோளாறா என்று அது சொல்லாது.

8/
அதனால் 75-ஐக் கூப்பிட்டு முதலில் காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கணும். இரைச்சலை விட்டு ஒரு 16 மணி நேரம் விலகியிருந்த பிறகு திரும்பச் சோதிக்கணும். ஒரு காதில் மட்டும் குறை என்றால் எந்திரத்தை மட்டும் குற்றம் சொல்லாமல் வேறு நோயைத் தேடணும். இரண்டு காதிலும், அதுவும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால், எந்த மெஷின்கிட்ட நிக்கிறீங்க, காதடைப்பான் கொடுத்தாங்களா, போட்டீங்களான்னு கேட்கணும்.

அப்படியே அந்த 35-ஐயும் கூப்பிடுங்க. அவர் மீசைக்குள்ளதான் இருக்கார். ஆனா அவரும் அதே மெஷின்கிட்ட நிக்கிறாரான்னு தெரியணும்.