கேசரிக்கு முந்தைய புணே

புணேயின் இதழியல் வரலாற்றைக் 'கேசரி'யிலிருந்து தொடங்குவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. திலகரும் அகர்கரும் சிப்ளூண்கரும் அதைத் தொடங்கியது 1881 ஜனவரியில். 'ஞானப்பிரகாஷ்' அந்நகரில் 1849-லேயே வெளிவந்துவிட்டது. அதனினும் முக்கியமானது 'தீனபந்து'. ஜோதிராவ் புலே நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தைச் சேர்ந்த கிருஷ்ணராவ் பாலேகர் 1877-இல் தொடங்கிய ஏடு அது; உழவர், உழைப்பாளர் துயரை அவர்கள் தரப்பில் நின்று எழுதியது. 1880-இல் நாராயண் மேகாஜி லோகண்டே அதை ஏற்று மும்பையிலிருந்து நடத்தினார். பின்னர் ஆலைத் தொழிலாளரைத் திரட்டியவரும் அவரே. இரண்டும் மராத்தி ஏடுகள்தாம். முன்னிறுத்திய வாசகர் வேறு. 'சுதேசமித்திர'னை மையமாக்கித் தமிழ் இதழியலை எழுதும் நாம், 1907-இல் அயோத்திதாசர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னுக்கு எத்தனை பக்கம் ஒதுக்குகிறோம்?