நரிகள் வாலாட்டிய வரலாறு

பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபின் விதிகளைக் கண்டறிந்த கிரகோர் மெண்டல் ஓர் அகுஸ்தினார் சபைத் துறவி என்பதை நாம் அறிவோம். அவருடைய பெயரே வசைச்சொல்லாக வழங்கிய காலமொன்று சோவியத் நாட்டில் இருந்தது. 1948-இல் லைசென்கோவின் கொள்கை அரசின் கொள்கையாயிற்று. மரபியல் அறிஞர்கள் 'மெண்டலியர்' என இகழப்பட்டுப் பதவி இழந்தனர். அதற்கு முன்னரே பயிரியல் மேதை வவிலோவ் 1943-இல் சிறையில் மாண்டிருந்தார். நிக்கோலாய் பெலியாயேவ் என்னும் மரபியலார் 1937-இலேயே கொல்லப்பட்டார்.

அந்த நிக்கோலாயின் தம்பியே திமித்ரி பெலியாயேவ். அண்ணனைப் பறிகொடுத்தும், தம் பொறுப்பை இழந்தும், அவர் ஒரு வினாவைக் கைவிடவில்லை. ஓநாய் எவ்வாறு நாயாயிற்று? வீட்டு விலங்குகள் பலவற்றில் தொங்கும் காதும் வெண்திட்டுகளும் தோன்றியதேன்? நம் முன்னோர் தெரிந்தெடுத்தது சாந்த குணத்தை மட்டுமே, உருவ மாற்றம் அதன் பின்னே தானாக வந்தது என அவர் கருதினார்.

1959-இல் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில், உடலியல் ஆய்வு என்னும் போர்வையில், சோதனை தொடங்கிற்று. லுட்மிலா த்ரூட் என்னும் பெண்மணி அதை ஏற்று நடத்தினார். தோலுக்காக நரி வளர்க்கும் பண்ணைகளிலிருந்து 30 ஆண் நரிகளும் 100 பெண் நரிகளும் பெறப்பட்டன. குட்டிகளுக்குக் கையால் உணவு நீட்டித் தடவிப் பார்ப்பர். கடிப்பதா, ஒதுங்குவதா, நெருங்குவதா என்று குறித்துக்கொள்வர். ஆண்களில் நூற்றுக்கு நான்கைந்தும் பெண்களில் இருபதும் மட்டுமே இனம் பெருக்க அனுமதிக்கப்பட்டன. பயிற்சி எதுவும் தரப்படவில்லை. மாற்றம் வந்தால் அது மரபின் வழியே வரவேண்டும் என்பதே நோக்கம்.

ஆறாம் தலைமுறையிலேயே மனிதரைக் கண்டு வாலாட்டி, முனகி, கைகளை நக்கும் குட்டிகள் பிறந்தன. பத்தாம் தலைமுறையில் அத்தகையவை நூற்றுக்குப் பதினெட்டு. சாதாரண நரிக்குட்டிக்கு ஆறாம் வாரத்தில் தலைகாட்டும் அச்சம் இவற்றுக்கு ஒன்பதாம் வாரத்திற்குப் பின்னரே வந்தது. அச்சத்தைத் தூண்டும் சுரப்புநீரும் குறைந்திருந்தது. எவரும் தேடாத தொங்கு காதும் சுருண்ட வாலும் திட்டுநிறமும் சில நரிகளில் தோன்றின.

இங்கே சற்று நிதானம் தேவை. அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பண்ணைகளில் பல தலைமுறை வளர்ந்தவை என்றும், திட்டுநிறம் போன்றவை அங்கேயே இருந்தன என்றும் 2019-இல் ஆய்வாளர் சிலர் சுட்டிக்காட்டினர். எனவே உருவ மாற்றம் பற்றிய வாதம் இன்னும் முடியவில்லை. குணம் மாறியதையோ எவரும் மறுக்கவில்லை. மூர்க்கமான தாயின் கருவைச் சாந்தமான தாயின் வயிற்றில் வைத்து வளர்த்தபோதும், குட்டி பெற்றவளின் குணத்தையே கொண்டு பிறந்தது.

தேர்வு என்னும் சொல்லுக்கு மறுபக்கம் ஒன்றுண்டு. தேறாத நரிகளின் தோல் விற்ற பணமே ஆய்வுச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கிற்று. பெலியாயேவ் 1985-இல் மறைந்தார். சோவியத் ஆட்சி வீழ்ந்தபின் தீனிக்கும் பணமின்றி, 700 நரிகள் கொண்ட மந்தை நூறாகக் குறைக்கப்பட்டது. வாலாட்டி வரவேற்கும் நரிகளிலும் எவை பிழைப்பது என்று முடிவு செய்யும் கடமை, அவற்றைக் குட்டியிலிருந்து தடவி வளர்த்த த்ரூட் அம்மையாரின் மேலேயே விழுந்தது. அவர் 2024-இல் காலமாகும்வரை அந்த ஆய்வைக் கைவிடவில்லை.