இளவரசன் கல்லறையிலிருந்து குப்பைப் பெட்டி வரை

சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் மான்செங் என்ற இடம். 1968இல் அங்கே குன்றைக் குடைந்துகொண்டிருந்த ராணுவ வீரர்கள் ஒரு கல்லறைக்குள் வந்து நின்றார்கள். கி.மு. 113இல் இறந்த ஹான் வம்சத்து இளவரசன் லியு ஷெங்கின் கல்லறை அது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பச்சைக்கல் துண்டுகளைத் தங்கக் கம்பியால் தைத்த உடையைப் போர்த்திப் புதைத்திருந்தார்கள். உலகம் அந்த உடையைத்தான் வாய்பிளந்து பார்த்தது. கூடவே கிடைத்த ஒன்பது சின்ன ஊசிகளை மருத்துவ வரலாறு படிக்கிறவர்கள்தான் கவனித்தார்கள். நான்கு தங்கம், ஐந்து வெள்ளி. அக்குபங்சர் ஊசியின் முன்னோர் என்று ஆய்வாளர்கள் கருதுவது அவற்றைத்தான்.

அந்தக் காலத்து ஊசிப்பெட்டியை இன்றைய நோயாளியிடம் திறந்து காட்டினால் வந்த வழியே ஓடிவிடுவார். ‘மஞ்சள் பேரரசரின் உள்மருத்துவம்’ எனப்படும் பழைய நூலின் இரண்டாம் பகுதி ஒன்பது வகை ஊசிகளைச் சொல்கிறது. அவற்றில் சில ஊசியே அல்ல. ஒன்று வாள் வடிவில் இருந்து சீழ்க்கட்டியைக் கீறும். இன்னொன்று முக்கூராக இருந்து ரத்தத்தை வெளியேற்றும். நுனியால் தோலை அழுத்த மட்டுமே பயன்பட்ட மழுங்கல் ஊசியும் உண்டு. அறுவை, ரத்தம் எடுத்தல், குத்துதல் எல்லாம் ஒரே பெட்டிக்குள் கிடந்த காலம் அது. ஏழாவதாக வருவது மட்டும் மெல்லியது. அதன் முனைக்கு அந்த நூல் கொசுவின் வாயை உவமை சொல்கிறது. மற்ற எட்டும் பின்வாங்கிவிட, இன்று உலகம் முழுக்க மருத்துவகங்களில் புழங்குவது அந்த ஏழாவதன் வாரிசுதான்.

ஊசி இருந்தால் போதுமா? எங்கே குத்துவது? சோங் வம்சத்துக் காலத்தில் வாங் வெய்யி என்ற மருத்துவர் இதற்கு ஒரு வழி கண்டார். 1027இல் ஆளுயர வெண்கலச் சிலைகள் இரண்டு வார்க்கப்பட்டன. உடம்பு முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் துளை. தேர்வு நாளில் சிலைக்கு மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே திரவம் நிரப்பிவிடுவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் திரவம் கசியும். தவறினால் ஊசி வளையும். உயிருள்ள மனிதர்மேல் கைவைப்பதற்கு முன் பொம்மைமேல் பழக வேண்டும் என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓர் அரசு நினைத்திருக்கிறது. வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கிப் பலகை மாட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஊசியின் வலியைக் குறைத்த பெருமை ஜப்பானில் ஒரு பார்வையற்றவருக்குப் போகிறது. பெயர் சுகியாமா வாய்ச்சி; 1610இல் பிறந்தவர். ஆசிரியரிடம் கை பழகாமல் திட்டு வாங்கி வெளியேறியவர் என்றும், எனோஷிமா தீவில் நோன்பிருந்து திரும்பும்போது கல்லில் தடுக்கி விழுந்தவர் என்றும் கதை உண்டு. விழுந்த இடத்தில் கையில் குத்தியது ஒரு சுருண்ட இலைக்குள் இருந்த பைன் ஊசியிலை. கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வழிகாட்டிக் குழாய் அவர் பெயரில்தான் நிலைத்திருக்கிறது. ஊசியைவிடச் சற்றே குட்டையான மெல்லிய குழாய் அது. அதைத் தோலில் அழுத்தி வைத்து, உள்ளே ஊசியை இறக்கி, மேலே துருத்தி நிற்கும் தலையை விரலால் ஒரு தட்டு தட்டினால் முனை உள்ளே போய்விடும். வலி அதிகம் தெரிவது தோலின் மேற்பரப்பில்தான். அதை ஒரே தட்டில் கடந்துவிடுவதுதான் சூட்சுமம். குழாயின் அழுத்தமும் குத்தலை மறைக்கிறது. கண் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சுகியாமா பின்னாளில் ஷோகன் சுனயோஷிக்கே வைத்தியம் பார்த்தார். பார்வையற்றவர்களுக்கு இந்தத் தொழிலைக் கற்பிக்கப் பள்ளிகளும் வைத்தார். இன்றைக்கு நீங்கள் பார்க்கும் பிளாஸ்டிக் குழாய் அவருடைய குழாயின் வழித்தோன்றல்.

அதே நூற்றாண்டில் நாகசாகியில் பணிபுரிந்த டச்சு மருத்துவர் வில்லெம் டென் ரைனே எழுதிய நூல் 1683இல் வெளிவந்து ஐரோப்பாவுக்கு ஊசியை அறிமுகப்படுத்தியது. பிறந்த மண்ணில்தான் அதன் மதிப்பு சரிந்தது. 1822இல் பேரரசர் தாவ்குவாங், அரசவை மருத்துவக் கழகத்திலிருந்து அக்குபங்சர் துறையையே நீக்கினார். அரசரின் மேனியில் ஊசியும் சூட்டுச் சிகிச்சையின் நெருப்பும் படுவது முறையல்ல என்பது காரணம். கிராமத்து வைத்தியர்களின் கையில், தடித்த இரும்பு ஊசியாக அது உயிர்பிழைத்துக் கிடந்தது. 1930களில் செங் தன்ஆன் என்ற மருத்துவர் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள முறைகளைப் பார்த்து வந்து, நவீன உடற்கூறியல் படிப்போடு மெல்லிய ஊசியைச் சேர்த்துக் கற்பிக்கத் தொடங்கினார். ‘மாறாத ஐயாயிரம் வருஷக் கலை’ என்று விளம்பரப் பலகையில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் திருப்பம் தெரிந்திருப்பதில்லை. துருவேறாத எஃகு வந்தபின் ஊசி இன்னும் மெலிந்தது.

இந்தியாவுக்கு அது வந்த வழி சுவையானது. ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு 1938இல் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அங்கேயே உயிர்விட்ட கோட்னிஸை எல்லோருக்கும் தெரியும். உயிரோடு திரும்பிய பி.கே. பாசு, 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் சிகிச்சை தொடங்கினார். இலங்கையில் ஆன்டன் ஜெயசூரிய கொழும்பின் களுபோவில மருத்துவமனையில் நடத்திய பயிற்சிக்கு வெளிநாட்டு மருத்துவர்கள் வந்து போனார்கள்.

அமெரிக்கக் கதையை மட்டும் பலர் தவறாகச் சொல்கிறார்கள். 1971 ஜூலையில் பீஜிங்கில் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அறுவை நடந்தது. ஊசி குத்தி மயக்கி அறுத்தார்கள் என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள். அறுவைக்குக் கொடுத்தது வழக்கமான மரத்துப்போகும் மருந்துதான். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோது வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் ஊசி வைத்தார்கள். அவ்வளவே. அதை அவர் எழுதினார். மறு ஆண்டு நிக்சன் சீனா போனார். ஊசி அமெரிக்காவில் குடியேறிவிட்டது.

குடியேறிய இடத்தில் ஒரு விபரீதமும் நடந்தது. அப்போதெல்லாம் ஒரே ஊசியைத் துடைத்து, கொதிக்கவைத்து, பலருக்கும் பயன்படுத்தினார்கள். 1984இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே சிகிச்சையாளரிடம் போன 35 பேருக்கு மஞ்சள்காமாலை வைரஸ் ‘பி’ தொற்றியது. 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஊசியைப் பரிசோதனைக் கருவி என்ற பட்டியலிலிருந்து எடுத்து, ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதித்தது. தங்கத்தில் தொடங்கிய பொருளுக்கு இதைவிட நல்ல காரியம் எதுவும் நடக்கவில்லை என்பேன். தங்க ஊசியைக் கழுவி வைத்துக்கொள்ளத் தோன்றும். மலிவான எஃகு ஊசியைத் தயங்காமல் எறியலாம்.

இனி, அது உங்களிடம் வரும் நாள். நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பில் ஊசியை எடுப்பதற்கு முன் நிறையக் கேட்பார்: தூக்கம், பசி, மலம், பழைய நோய்கள், சாப்பிடும் மாத்திரைகள். நாக்கை நீட்டச் சொல்வார், இரண்டு கையிலும் நாடி பார்ப்பார். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, பேஸ்மேக்கர் வைத்திருக்கிறதா என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தலைசுற்றி மயங்குகிறவர்களில் பசியோடு வந்தவர்கள் அதிகம். படுக்கச் சொல்வார்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, உறையைப் பிரித்து, குழாயை வைத்து ஒரு தட்டு. ஊசியின் தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர். காய்ச்சலுக்குப் போடும் ஊசி அதைவிட இரண்டு மூன்று மடங்கு தடிமன், உள்ளே துளை, சாய்வாக வெட்டிய கூர்முனை. இதில் துளையும் இல்லை, மருந்தும் இல்லை. சுருக்கென்ற உணர்வு கணத்தில் போய், கனப்பதுபோல, இழுப்பதுபோல ஒன்று வரலாம். அதைத்தான் சிகிச்சையாளர் எதிர்பார்க்கிறார். கூர்மையான வலியோ காலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வோ வந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், உடனே சொல்லிவிடுங்கள். இருபது, முப்பது நிமிடம் அப்படியே படுத்திருப்பீர்கள், பலர் தூங்கிவிடுகிறார்கள். எடுத்தபின் ஒரு துளி ரத்தமோ சின்னக் கன்றலோ இருக்கலாம். மார்பிலும் முதுகின் மேற்பகுதியிலும் ஆழமாகக் குத்தி நுரையீரல் உறையைத் துளைத்த சம்பவங்கள் அபூர்வமாக நடந்திருக்கின்றன. படித்தவர் கை வேண்டும் என்பது அதனால்தான்.

குணமாகுமா? இதைச் சோதிக்க ஊசிக்கு ஒரு போலியையே செய்தார்கள். 1998இல் ஜெர்மன் மருத்துவர் ஸ்ட்ரைட்பெர்கர் அறிமுகப்படுத்தியது அது: முனை மழுங்கியது, தோலில் பட்டதும் தண்டு கைப்பிடிக்குள் நழுவிவிடும், நாடகக் கத்தி மாதிரி. போலிக் குத்தலுக்கு வேறு வழிகளும் உண்டு. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரிடம் ஜெர்மனியில் நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. அதில் போலி என்பது புள்ளிகளுக்கு வெளியே மேலோட்டமாகக் குத்துவது. முறையான ஊசி பெற்றவர்களில் 47.6 சதவீதம் பேருக்கும், போலி பெற்றவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம் பேருக்கும் முன்னேற்றம். ஊசிக்காரர்கள் முதல் எண்ணையும் மூன்றாவதையும் மட்டும் காட்டுவார்கள்; எதிர்ப்பவர்கள் முதல் இரண்டை மட்டும். மூன்றையும் சேர்த்துப் படித்தால், வலி குறைவது நிஜம், ஆனால் புள்ளி எது என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. முதுகு, கழுத்து, மூட்டு, தலைவலி என்றால் முயன்று பார்க்கலாம். புற்றுநோயையும் சர்க்கரையையும் தீர்ப்பேன் என்பவருக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த ஊசி இன்னொரு வேடிக்கையைச் செய்தது: காணாமலே போய்விட்டது. இங்கே பல ‘ஹீலர்’கள் நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடுவதோடு சரி. தொடுவதால் யாருக்கும் ரத்தம் வராது, தொற்று வராது. ஆபத்து, கூடவே வரும் அறிவுரையில் இருக்கிறது: மாத்திரையை நிறுத்து, பரிசோதனை வேண்டாம், தடுப்பூசி வேண்டாம். 2019இல் மத்திய அரசு அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றது. மகாராஷ்டிரம் அதற்கென்று சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த ஏற்பு எவருக்கும் இன்சுலினை நிறுத்தும் உரிமையைத் தரவில்லை.

ஆகவே முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். எடுத்த ஊசி கூர்பொருள் போடும் பெட்டிக்குள் போகிறதா என்று பாருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொன்னால், கட்டணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள்.